எனக்கு விளக்குங்கள்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவியொருத்தி இப்பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றாள். “‘கிவ் மீ த புக்’ என்று எழுதினேன், சரியென்றார் ஆசிரியர். ‘எக்ஸ்பிளெயின் மீ த லெசன்’ என்று எழுதினேன். பிழையென்று சிவப்பு மையாற் கோடிட்டார். காரணம் கேட்டேன். அதுதான் வழக்கு என்றார். வழக்குக்கும் ஒரு காரணம் இராதா?” என்பது அவளுடைய வினா. கூரிய வினா. இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் நம் மொழியைப் பார்ப்போம். “அம்மா எனக்குச் சோறு தந்தாள்” என்கிறோம். “எனக்கு அம்மா சோறு தந்தாள்” என்றாலும், “சோறு அம்மா எனக்குத் தந்தாள்” என்றாலும் பொருள் மாறுவதில்லை. காரணம், ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபு பெறுபவரோடு ஒட்டிக்கொண்டே செல்கின்றது. சொல் எங்கே நின்றாலும் அதன் உரிமை அழியாது.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இவ்வாறே வேற்றுமை உருபுகள் இருந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் ‘ஹினே’ என்றால் ‘அவனை’. ‘ஹிம்’ என்றால் ‘அவனுக்கு’. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றதற்குப் பிந்திய நூற்றாண்டுகளில் அவ்வுருபுகள் தேய்ந்து போயின. ‘ஹினே’ மறைந்தது, ‘ஹிம்’ ஒன்றே இரண்டு வேலையையும் ஏற்றது. உருபு செய்த தொழிலை இடம் செய்யத் தொடங்கியது. வினைக்கு அடுத்த இடம் பெறுபவருக்கு; அதற்கடுத்த இடம் பொருளுக்கு. “கிவ் ஹிம் த புக்” என்பதில் ‘ஹிம்’ முன் நிற்பதும் ‘புக்’ பின் நிற்பதும் இதனாலேயாம். இடத்தை மாற்ற விரும்பினால் ‘ரு’ என்னும் சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டும்: “கிவ் த புக் ரு ஹிம்.”

இவ்விரண்டு வழியிலும் செல்லும் வினைகள் பல. கிவ், சென்ட், லென்ட், ஷோ, ரெல், ரீச், செல் என்பன அவற்றுட் சில. பை, மேக், குக் என்பனவும் இரண்டு வழியிலும் செல்லும். ஆனால் அவை துணைக்கு அழைப்பது ‘ரு’ அன்று, ‘ஃபோர்’ ஆகும். “பை மீ எ பென்” என்பது “பை எ பென் ஃபோர் மீ” என மாறும். ஒரு பொருள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்வதே செயலாயின் ‘ரு’ வரும். பெறுபவர் இல்லாமலே செயல் முடிந்து, பின்னர் அவருக்குப் பயன்படுமாயின் ‘ஃபோர்’ வரும். பேனையைக் கடையில் வாங்கும்போது நான் அங்கே இருக்க வேண்டியதில்லையல்லவா?

இனி மாணவியின் வினாவுக்கு வருவோம். எக்ஸ்பிளெயின், டிஸ்கிறைப், சஜெஸ்ட், டொனேற் முதலியவை இலத்தீனிலிருந்து வந்த சொற்கள். கிவ், சென்ட், ரெல் முதலியவை ஆங்கிலத்தின் குடும்பத்துப் பழஞ்சொற்கள். நம் வீடுகளிலே உறவினர் நேரே அடுக்களை வரைக்கும் வருவர். புதிதாக வந்தவர் விறாந்தையில் அமர்வர். அதுபோலப் பழஞ்சொற்கள் ‘மீ’ என்பதைத் தம் பக்கத்திலேயே இருத்திக்கொள்கின்றன. வந்த சொற்களோ பெரும்பாலும் ‘ரு’ என்னும் வாயிலைக் கடந்தே அதனை அடைகின்றன. ஆகவே, “எக்ஸ்பிளெயின் த லெசன் ரு மீ” என்பதே முறை.

இதனை இரும்பு விதியாகக் கொள்ளற்க. ஒஃபர், புறொமிஸ் என்பன இலத்தீன் வழி வந்தனவாயினும் நெடுங்காலம் பழகி அடுக்களைக்குள் நுழைந்துவிட்டன. “புறொமிஸ் மீ எ பிறைஸ்” என்பது பிழையன்று. ‘சே’ என்பதோ பழஞ்சொல்லாயினும் விறாந்தையிலேயே நின்றுவிட்டது. “சே மீ” என்பது ஆகாது, “ரெல் மீ” என்பதே ஆகும். வேறு சில வினைகள் பொருளுக்கு முன் ‘வித்’ கேட்கும்: “புறொவைட் மீ வித் எ பென்” என எழுதுதல் நன்று. ‘ஆஸ்க்’, ‘கொஸ்ட்’ என்பன ‘ரு’ என்னும் துணையை விரும்புவதில்லை. “இற் கொஸ்ட் மீ ரென் றுபீஸ்” என்றே சொல்ல வேண்டும்.

மேலும் இரண்டு குறிப்புகள். பெறுபவர், பொருள் ஆகிய இரண்டுமே பிரதிப்பெயராக வரின், “கிவ் இற் ரு மீ” என எழுதுவதே மாணவருக்குப் பாதுகாப்பான வழி. அடுத்து, “ஷீ மேட் ஹிம் எ கேக்” என்பதையும் “ஷீ மேட் ஹிம் எ டொக்ரர்” என்பதையும் ஒப்பிடுக. தோற்றம் ஒன்று, இலக்கணம் வேறு. கேக் அவனுக்குக் கிடைத்த பொருள். டொக்ரரோ அவனேதான். ஆகவே இரண்டாவது வாக்கியத்தில் ‘டொக்ரர்’ என்பது செயப்படுபொருளன்று; அவன் என்ன ஆனான் என்பதைச் சொல்லும் நிரப்பி.

இவற்றையெல்லாம் நினைவில் வைப்பது எங்ஙனம்? ஏ. எஸ். ஹோர்ன்பி என்னும் ஆங்கில அறிஞர் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் வினைகளை, அவற்றைத் தொடர்ந்து வரும் சொற்களின் ஒழுங்கைக் கொண்டு 25 வகையாகப் பகுத்துக் காட்டினார். அவர் காட்டிய வழியே எளிய வழியுமாகும். வினையைத் தனியே மனனஞ் செய்யாது, அதன் கூட்டத்தோடு கற்க வேண்டும். கொப்பியில் ‘எக்ஸ்பிளெயின் – விளக்கு’ என்று எழுதுவதை விடுத்து, “எக்ஸ்பிளெயின் சம்திங் ரு சம்படி” என எழுதிக்கொள்ளுங்கள்.

வழக்கு நம் மொழியிலும் கடுமையானதே. தன்னிடத்துக்கோ முன்னிற்பவனிடத்துக்கோ வருவதைத் ‘தா’ என்பதாலும், படர்க்கையானிடம் செல்வதைக் ‘கொடு’ என்பதாலும் குறித்தல் மரபு எனத் தொல்காப்பியம் வகுத்தது. எனக்குத் தா, அவனுக்குக் கொடு. ஆங்கிலத்துக்கு இரண்டும் ‘கிவ்’தான். தமிழ் கற்கும் ஆங்கிலேயர் ஒருவர் “எனக்குக் கொடுங்கள்” என்று கேட்டால், நாம் நகைத்துக்கொண்டா இருப்போம்? கேட்டதை எடுத்து நீட்டுவோமல்லவா?

இதை எழுதும்போது எனக்கே ஒரு நினைவு உறுத்துகின்றது. நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிது. பத்தாம் வகுப்பில், பேசவே கூசும் ஒரு மாணவன் எழுந்து நின்று, “சேர், எக்ஸ்பிளெயின் மீ திஸ் பறகிறாவ்” என்றான். நான் உடனே அவன் வாக்கியத்தைத் திருத்தினேன். மும்முறை திரும்பச் சொல்லுவித்தேன். வகுப்பு நகைத்தது, நானும் புன்னகைத்தேன். மூன்றாம் முறை அவன் சரியாகச் சொன்னான். “நன்று, இரு” என்றேன். மணி அடித்தது.

இரவிலே கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான், அவன் கேட்ட பந்தியை நான் விளக்கவேயில்லை என்பது நினைவுக்கு வந்தது. மறுநாள் அவனை அழைத்து, “எந்த இடம் விளங்கவில்லை?” என்று கேட்டேன். “விளங்கிவிட்டது, சேர்” என்றான். விளங்கவில்லை என்பதை அவனுடைய விடைத்தாள் பின்னர் காட்டியது. அவ்வாண்டு முடியும்வரை அவன் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

‘ரு’ என்னும் சிறு சொல்லை ஒரு நாளிலே கற்பித்துவிடலாம். கேட்கும் துணிவை அவ்வாறு ஒரு நாளிலே கற்பித்தல் இயலாது. ஆகவே ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளின் ஆங்கிலத்தைத் திருத்தும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இதுவே: முதலில் கேட்டதற்கு விடை கூறுங்கள், அதன்பின் கேட்ட முறையைத் திருத்துங்கள். வினா எழுதிய மாணவிக்கும் ஒரு சொல். இன்னும் கேள், மகளே. பிழையாகக் கேட்டாலும் கேள்.

இவ்வாரப் பயிற்சி: பின்வருவனவற்றுள் பிழையானவற்றைத் திருத்துக. விடைகள் அடுத்த வாரம்.

1. சஜெஸ்ட் மீ எ குட் புக்.
2. ஷீ ரோட் மீ எ லெற்றர்.
3. ஹீ செட் மீ த நியூஸ்.
4. லென்ட் மீ யுவர் அம்பிறெல்லா.
5. டிஸ்கிறைப் அஸ் யுவர் வில்லேஜ்.