கொல்லைக்கும் ஒரு நாற்றங்கால்!

தஞ்சை மாவட்டம் பாபநாசத்தில், திருப்பாலைத்துறை கோயிலுக்குள் ஒரு பழைய நெற்களஞ்சியம் இருக்கிறது. நாயக்க மன்னர் காலத்தில், 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. 3,000 கலம் நெல் கொள்ளும்! அவ்வளவு நெல் விளைந்த பூமி இது.

சோற்றுக்குக் கவலை இல்லை. ஆனால் குழம்புக்குக் கத்தரிக்காய் வேண்டுமா? கடைக்கு ஓடுகிறோம். வீட்டுக்குப் பின்னால் கொல்லை சும்மா கிடக்கிறது!

"விதை போட்டோம், ஒன்றும் வரவில்லை" என்கிறார்கள் பலர். எப்படி வரும்? கத்தரி, மிளகாய், தக்காளி விதைகள் சிறியவை. நேரே மண்ணில் தூவினால் எறும்பு இழுக்கும், கோழி கிளறும், மழை அடித்துக்கொண்டு போகும்.

வயலில் நாம் என்ன செய்கிறோம்? முதலில் நாற்று விடுகிறோம். பிறகுதானே நடுகிறோம்? கொல்லைக்கும் அதுவே வழி.

இதற்குப் பெரிய செலவு இல்லை. பத்துக் கொட்டாங்கச்சி போதும். அடியில் துளை போடுங்கள். சலித்த மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் 2 விதை ஊன்றித் தண்ணீர் தெளியுங்கள். இரண்டும் முளைத்தால், நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

தக்காளி நாற்று சுமார் 25 நாளில் நடவுக்கு வரும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள். மிளகாய்க்கு 40 நாள். நடுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து, வெயிலில் வைத்துப் பழக்குங்கள். நிழலிலேயே வளர்ந்த நாற்று, திடீர் வெயிலில் துவண்டுவிடும்.

நாள் தள்ளவும் கூடாது. முற்றிய நாற்று வேர் பிடிக்கத் தயங்கும். நெல்லிலும் இதே கதைதான். செம்மை நெல் சாகுபடியில் 14 நாள் இளநாற்றையே நடச் சொல்கிறார்கள்.

மேட்டுப் பாத்தி கட்டுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்காது. மாலை வேளையில், வேரைச் சுற்றிய மண் உதிராமல் நடுங்கள். வெண்டைக்கும் அவரைக்கும் இந்தப் பாடு வேண்டாம். விதையை நேரே ஊன்றலாம்.

"நாற்றுத்தான் விலைக்குக் கிடைக்கிறதே!" என்று கேட்கலாம். வாங்கி நடுவது தவறல்ல. ஆனால் ஒன்றை யோசியுங்கள். இன்று வயலில் நடவு இயந்திரம் வந்துவிட்டது. தட்டில் வளர்த்த நாற்றை அது வரிசையாக நட்டுக்கொண்டு போகிறது. குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்த பெண்களுக்கு அது நல்லதே. ஆனால், எந்த நாற்று தேறும், எது தேறாது என்று தொட்டவுடன் சொல்லும் அவர்களுடைய கை? அந்த அறிவு அவர்களோடு போய்விடலாமா?

வயலில் அதற்கு வேலை குறைந்தால், கொல்லையில் வேலை கொடுப்போம். பாட்டிமார்களே! இந்த ஞாயிற்றுக்கிழமை பேரன் பேத்தியைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். கொட்டாங்கச்சியையும் விதையையும் அவர்கள் கையில் கொடுங்கள். காய் கிடைக்கும், கைத்தொழிலும் நிலைக்கும்!