பசுமை மின்சாரமும் தொழிலின் சமூகப் பொறுப்பும்: குப்பம் வட்டாரக் கோரிக்கை மனு

பெறுநர்: மேலாண்மை இயக்குநர், குப்பம் ஊரக மின் கூட்டுறவுச் சங்கம்; தலைவர் மற்றும் மேலாண்மை இயக்குநர், ஆந்திரப் பிரதேச தெற்கு மின் விநியோக நிறுவனம், திருப்பதி; மாவட்ட ஆட்சியர், சித்தூர்.

மனுதாரர்: குப்பம் வட்டாரச் சிறு, குறு தொழில் செய்வோர் சங்கம்.

பொருள்: தொழிற்கூடங்களின் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புகளுக்கு மின் விநியோகம் செய்வோர் துணை நிற்க வேண்டுதல்.

குப்பம், குடுபல்லி, சாந்திபுரம், ராமகுப்பம் ஆகிய நான்கு மண்டலங்களுக்கும் மின்சாரம் தருவது குப்பம் ஊரக மின் கூட்டுறவுச் சங்கம். ஊரார் வாயில் அதற்குப் பெயர் ரெஸ்கோ. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மின் விநியோக நிறுவனத்திடம் மொத்தமாக மின்சாரம் வாங்கி, அதை வீடு, வயல், பட்டறை என்று பிரித்துத் தருவது அதன் வேலை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஊரகக் கூட்டுறவுச் சங்கங்கள் உரிமத்திலிருந்து விலக்குப் பெற்று மின் விநியோகம் செய்ய வழிவிடுகிறது. நுகர்வோரை உறுப்பினராகக் கொண்ட இத்தகைய மின் அமைப்புகள் நாட்டில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. இம்மனுவின் கோரிக்கைகள் வேறெந்த ஊரைவிடவும் குப்பத்தில் எளிதில் நிறைவேறும் என்று மனுதாரர் சங்கம் நம்புவதற்கு இதுவே காரணம்.

வட்டாரத்தின் முதன்மைத் தொழில்களில் ஒன்று கல். சந்தையில் ‘குப்பம் கிரீன்’ என்ற பெயரில் விலைபோகும் கிரானைட் இந்த மண்ணுடையது. பிளாக்கை அறுக்கவும் ஸ்லாபுக்குப் பாலிஷ் போடவும் வேண்டியவை தண்ணீரும் கரண்டும்தான். பட்டுப்புழு வளர்ப்பு, ஊதுபத்தி உருட்டல், பால் குளிரூட்டல், சித்தூர்ப் பகுதியின் மாம்பழக் கூழ் ஆலைகள் எனப் பிற தொழில்களும் மின்கம்பியை நம்பியே நிற்கின்றன.

இத்தொழில்களிடம் சரக்கு வாங்குவோர் இப்போது விலையோடும் தரத்தோடும் இன்னொன்றையும் கேட்கிறார்கள்: இந்தச் சரக்கைச் செய்ய எவ்வளவு கரியமிலவாயு வெளியேறியது? சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புக் கணக்கை 2022-23 முதல் கட்டாயம் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் விதி. அந்தக் கணக்கை நிரப்ப அவை தமக்குச் சரக்குத் தருவோரை நாடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரி 2026 ஜனவரி 1 முதல் முழு நடைமுறைக்கு வந்தது. இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்றவை அடங்கிய அந்தப் பட்டியலில் கிரானைட்டும் மாம்பழக் கூழும் இல்லை. என்றாலும் அங்குள்ள வணிகர்களின் கேள்வித்தாளுக்குப் பட்டியல் எல்லை கிடையாது.

கேள்வித்தாளை நிரப்ப உட்காரும் பட்டறைக்காரரின் கையில் இருப்பது கரண்ட் பில் ஒன்றே. அதில் முந்தைய ரீடிங், தற்போதைய ரீடிங், யூனிட், தொகை, கடைசித் தேதி எல்லாம் உண்டு. அந்த யூனிட் நிலக்கரியிலிருந்து வந்ததா, வெயிலிலிருந்து வந்ததா என்பது இல்லை. இந்திய மின் தொகுப்பிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமிலவாயு என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. மாதம் 20,000 யூனிட் ஓடும் பட்டறை, ஆண்டுக்கு 2,40,000 யூனிட் எடுக்கிறது. அதன் பங்கு ஏறத்தாழ 168 டன். முதலாளி எத்தனை மரம் நட்டாலும், எவ்வளவு தண்ணீரைத் தெளிய வைத்துத் திரும்பப் பயன்படுத்தினாலும், இந்த 168 டன், மின்சாரம் வரும் வழி மாறினால்தான் மாறும்.

ஆகவே முதல் கோரிக்கை, பசுமை மின்சாரத்தையும் அதற்கான சான்றையும் பற்றியது. ஒன்றிய அரசு 2022 ஜூன் 6ஆம் தேதி அறிவித்த பசுமை மின்சாரத் திறந்த அணுகல் விதிகள், உற்பத்தி செய்வோரிடமே நேரடியாக மின்சாரம் வாங்கும் அந்தத் திறந்த அணுகலுக்கான குறைந்தபட்ச அளவை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாக இறக்கின. நுகர்வோர் பசுமை மின்சாரம் வேண்டுமென்று விநியோக நிறுவனத்திடமே கேட்டுப் பெறவும், அதற்கு ஆண்டுதோறும் பசுமைச் சான்று பெறவும் அதே விதிகள் இடம் தருகின்றன. குப்பத்தின் பல பட்டறைகளுக்கு 50 குதிரைத்திறன் லோடே பெரிது. அது 37 கிலோவாட்தான். திறந்த அணுகலின் வாசல்படி அவற்றுக்கு இன்னும் உயரமானது. எனவே சிறிய லோடுகளின் தேவையை ரெஸ்கோ ஒன்றாகத் திரட்டி, தெற்கு மின் விநியோக நிறுவனத்திடம் பசுமை மின்சாரமாக வாங்கி, ஒவ்வொரு பட்டறைக்கும் அதன் பெயரில் சான்று கிடைக்கச் செய்ய வேண்டும். கூடுதல் விலை எவ்வளவு என்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்ய வேண்டியது. மகாராஷ்டிர ஆணையம் 2021 மார்ச்சில் யூனிட்டுக்கு 66 காசு என்று நிர்ணயித்தது. விருப்பமுள்ளவர் மட்டும் அந்தக் கூடுதலைச் செலுத்துவதே முறை. வயலுக்கும் குடிசைக்கும் அந்தச் சுமை போகக் கூடாது.

மின் நிறுவனம் ஒத்துழைத்தால் ஒரு தொழிலின் பெயரே மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டு நூற்பாலைகள் சாட்சி. 1990களிலிருந்து அவை முப்பந்தல் போன்ற இடங்களில் காற்றாலை நிறுத்தி, அந்த மின்சாரத்தை மாநில மின்வாரியத்தின் கம்பி வழியே கோயம்புத்தூர், திருப்பூர் வட்டார ஆலைகளுக்குக் கொண்டுவந்தன. காற்றடிக்கும் மாதத்தில் மிஞ்சிய யூனிட்டைச் சேமித்துப் பின்னால் எடுத்துக்கொள்ளவும் வாரியம் கணக்கு வைத்துக் கொடுத்தது. இன்று திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் வெளிநாட்டு வணிகர்களிடம் தங்கள் பசுமையைப் பற்றித் தலைநிமிர்ந்து பேசுவது அந்தக் கணக்குப் புத்தகத்தின் பலத்தில்தான். கல் பட்டறைக்காரர் காற்றாலை வாங்க முடியாது. அவருக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டியது அவருடைய கூட்டுறவுச் சங்கம்.

இரண்டாவது, கூரைச் சூரியமின்சாரம். பட்டறைகளின் தகரக் கூரைகள் ஆண்டு முழுவதும் வெயிலில் காய்ந்து கிடக்கின்றன. 100 கிலோவாட் தகடுகளுக்கு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் கூரை போதும். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் வீதம் ஆண்டுக்கு 1,46,000 யூனிட் கிடைக்கும். மேலே சொன்ன பட்டறையின் 168 டன்னில் சுமார் 102 டன் இதிலேயே குறையும். மீதிக்குத்தான் பசுமைச் சான்று வேண்டும். முதலீடுதான் தடை. இங்கே ஒரு பெயர் ஒற்றுமையைக் குறிப்பிட வேண்டும். சூரியமின் துறையில் ‘ரெஸ்கோ’ என்றால் தன் செலவில் கூரை மேல் தகடு பதித்து, விளையும் யூனிட்டை அந்தக் கட்டட உரிமையாளருக்கே விற்கும் நிறுவனம். குப்பத்தின் ரெஸ்கோ இந்த இரண்டாவது பொருளிலும் ரெஸ்கோ ஆக வேண்டும் என்பது மனுதாரர் சங்கத்தின் ஆசை. தகடு ரெஸ்கோவுடையது, கூரை பட்டறையுடையது, மாதத் தவணை பில்லோடு சேர்ந்தது. வங்கிக் கடனுக்கு ஈடு காட்ட முடியாத குறுந்தொழிலுக்கு இதைவிட நேரான வழி தெரியவில்லை.

நெட் மீட்டர் விண்ணப்பம் தேங்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி 10 கிலோவாட் வரையிலான கூரை அமைப்புக்குத் தொழில்நுட்ப ஆய்வே தேவையில்லை. அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆய்வை 15 நாளில் முடிக்க வேண்டும், தவறினால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். இந்தக் காலக்கெடு ஒவ்வொரு மண்டல அலுவலகத்தின் பலகையிலும் எழுதி வைக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, மின்சாரத்தின் தரம். தடங்கலில்லாத மின்சாரமே பாதிப் பசுமை. கரண்ட் போனதும் ஜெனரேட்டர் ஓடுகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமிலவாயு. தொகுப்பு மின்சாரத்தைவிட யூனிட்டுக்குக் கூடுதல் புகை, கூடுதல் செலவு. பிளாக்கின் நடுவே பிளேடு ஓடும்போது கரண்ட் போனால், மறுபடி ஓடவிட்ட இடத்தில் கல்லில் கோடு விழும். அதைத் தேய்த்து எடுக்க மேலும் மின்சாரம், மேலும் தண்ணீர். கூழ் ஆலையில் கிருமிநீக்க வரிசை பாதியில் நின்றால் குழாய் முழுவதையும் கழுவி முதலிலிருந்து தொடங்க வேண்டும். குழாயில் நின்ற கூழ் வீண், அதைத் தந்த தோத்தாபுரி மாமரத்துக்குப் பாய்ச்சிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் வீண். பராமரிப்புக்காக நிறுத்துவதானால் இரண்டு நாள் முன்பே கைபேசியில் செய்தி வர வேண்டும். அடிக்கடி லோடு தாங்காமல் போகும் டிரான்ஸ்பார்மர்களின் பட்டியலை மனுதாரர் சங்கம் தனியே தரத் தயாராக உள்ளது.

பகல் நேரக் கட்டணமும் இதோடு சேர்ந்தது. 2023 ஜூனில் திருத்திய அதே நுகர்வோர் விதிகள், வெயில் நேர மின்சாரத்துக்கு வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாக வாங்க வேண்டும் என்கின்றன. இது கண்ணுக்குத் தெரியும் அளவில் பில்லில் வந்தால், இரவு ஷிப்டைப் பகலுக்கு மாற்றப் பல பட்டறைகள் முன்வரும். இரவு முழுக்கப் பாலிஷ் தூசியில் நிற்கும் தொழிலாளிக்கும் அது நல்லது.

நான்காவது, சிக்கனம். மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் சரியாக இல்லாமல் பவர் ஃபேக்டர் விழுந்து, வீணாகப் பணம் கட்டும் பட்டறைகள் நிறைய. மீட்டர் ரீடிங் எடுக்க மாதந்தோறும் வரும் ஊழியருக்கு இது ஒரே பார்வையில் தெரியும். எடுத்துச் சொல்லும் பொறுப்புத்தான் அவருக்கு இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு தொழில் இணைப்பிலும் எரிசக்தித் தணிக்கை நடத்தி, ஒரே பக்கத்தில் முடிவைத் தர வேண்டும். நீராவி தேவைப்படும் தொழில்களுக்குச் சூரிய வெப்பத்தைப் பற்றிய ஆலோசனையும் வேண்டும். 2002இல் திருமலை அன்னதானக் கூடத்தில் நாளுக்கு 15,000 பேருக்குச் சமைக்கும் சூரிய நீராவி அமைப்பு வைக்கப்பட்டது. முன்மாதிரிக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

ஐந்தாவது, சமூகப் பொறுப்பு. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. குப்பத்தின் பட்டறைகள் இந்த வரம்புக்குள் வருவதில்லை. ஆனாலும் அவற்றுக்குத் தம் ஊருக்குச் செய்யும் மனம் உண்டு. செய்த தொகை கண்ணெதிரே பயன்பட்டதா என்ற கவலையும் உண்டு. ரெஸ்கோ ஒரு பொதுக் கணக்குத் திறந்து, தொழில்கள் விரும்பித் தரும் தொகையை அரசுப் பள்ளி, அங்கன்வாடி, துணைச் சுகாதார நிலையம் ஆகியவற்றின் கூரைச் சூரியமின்சாரத்துக்குச் செலவிட்டு, வரவு செலவையும் விளைந்த யூனிட்டையும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் படிக்க வேண்டும்.

2025 ஜனவரியில் குப்பம் தொகுதியின் நடிமூர் கிராமத்தில் வீடுதோறும் சூரியமின்சாரம் என்ற முன்னோடித் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் ஊதுபத்தி உருட்டும் பெண்கள் பலர் குடியிருப்பது ஓட்டு வீட்டிலும் வாடகை வீட்டிலும். அந்தக் கூரை தகட்டைத் தாங்காது, அல்லது அந்தக் கூரை அவர்களுடையதே அன்று. அவர்களுக்காகப் புறம்போக்கு நிலத்தில் பொதுச் சூரியமின் நிலையம் அமைத்து, விளையும் யூனிட்டை அவரவர் மீட்டரில் கழித்துத் தர மாவட்ட நிர்வாகம் இடம் ஒதுக்க வேண்டும். அந்த நிலையத்துக்குத் தம் பங்கைத் தரத் தொழிற்கூடங்கள் ஒப்புக்கொள்ளும்.

கடைசியாக மொழி. மூன்று மாநிலங்கள் கூடும் குப்பத்தில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. விண்ணப்பப் படிவம், தணிக்கைத் தாள், பசுமைச் சான்றின் விளக்கம் ஆகியவை தெலுங்கோடு தமிழிலும் கன்னடத்திலும் கிடைக்க வேண்டும். 1997இல் தோன்றிய திராவிடப் பல்கலைக்கழகம் இதே ஊரில் இருக்கிறது. மொழிபெயர்ப்புக்கு வெளியூர் தேட வேண்டாம்.

ரெஸ்கோ, தெற்கு மின் விநியோக நிறுவனம், மாவட்ட நிர்வாகம் ஆகிய மூன்றின் அலுவலர்களும் தொழில் செய்வோரும் ஒரே மேசையில் அமரும் கூட்டத்தை மாவட்ட ஆட்சியர் கூட்டித் தர வேண்டுமென்று சங்கம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது. ஜூன் மாதத்தில் கூழ் ஆலைகள் முழு வேகம் பிடித்துவிடும். கூட்டத்துக்கான தேதி அதற்கு முன்பாக அமைய வேண்டும்.