குளிப்பும் கழுத்துக் குழாயும்

 

கற்பிட்டிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டனுப்பிய கேள்வி இது. அவருடைய மாமிக்குச் சிறுநீரகம் பழுது. கிழமைக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். அதற்காகக் கையில் செய்த நாள இணைப்பு முதிர்ச்சியடையும் வரை கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். "ஜும்ஆ நாளில் குளிக்காமல் எப்படி இருப்பது?" என்று மாமி கிணற்றடியில் தலையோடு தண்ணீர் வார்த்துக்கொண்டார். இரண்டு நாளில் குளிர் நடுக்கம், கடும் காய்ச்சல். மூன்று வாரம் வாட்டில் கிடந்து, அல்லாஹ்வின் கிருபையால் வீடு திரும்பினார். "நான் தடுத்திருந்தால் பாவமாகியிருக்குமா?" என்பதே மருமகளின் கேள்வி.

இல்லை சகோதரி. தடுப்பதே உங்கள் கடமை.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. பிரயாணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையானது. கூட இருந்தவர்கள் சலுகை இல்லை என்று சொல்லிவிட, குளித்தார், மரணித்தார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் அந்தத் தோழர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாததைக் கேட்டறிந்திருக்க வேண்டும் என்றார்கள். கடமையான குளிப்புக்கே இப்படியென்றால், ஜும்ஆவின் குளிப்பு சுன்னத்தல்லவா?

இந்தக் குழாய் சாதாரண ஊசிக் குழாய் போன்றதல்ல. கழுத்தின் பெரிய நாளத்தால் இறங்கி, அதன் நுனி இதயத்தை அண்டி நிற்கிறது. கிருமி நுழைய அதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று, தோலில் குழாய் புகும் இடம். மற்றது, வெளியே தொங்கும் இரு கிளைகளின் வாய், அதாவது மூடி பூட்டும் இணைப்பு. அந்த வாயில் ஒட்டும் கிருமிக்கு நேரே இரத்தத்துக்குள் வழி இருக்கிறது. அதனால்தான் தாதி கை கழுவி, முகமூடி அணிந்து, இணைப்பின் வாயை மருந்துத் துணியால் சுமார் 15 வினாடி அழுத்தித் தேய்த்து, உலரவிட்டுத் திறக்கிறார். உலரும் நேரத்திலும் மருந்து வேலை செய்கிறது. ஊதி உலர்த்தக் கூடாது.

இந்தச் சிறு காரியங்களின் பெறுமதியை அமெரிக்காவில் கண்டார்கள். வைத்தியர் பீட்டர் பிரோனோவோஸ்ட் 2001இல் ஐந்து அம்சப் பட்டியல் ஒன்றை வகுத்தார். முதலாவது அம்சம், கை கழுவுதல். மிச்சிகன் மாநிலத்தின் 100க்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைக் கடைப்பிடித்தபோது, குழாய்வழித் தொற்று மூன்றில் இரண்டு பங்குவரை குறைந்ததென 2006இல் முடிவு வெளியாயிற்று. புதிய மருந்தும் இல்லை, புதிய இயந்திரமும் இல்லை. தூங்கி எழுந்தவர் கழுவாத கையைப் பாத்திரத்துள் இடலாகாது என்று நமக்கு எப்போதோ கற்பிக்கப்பட்டுவிட்டது!

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை:

மூடியையோ கவ்வியையோ வீட்டில் எவரும் திறக்கக் கூடாது. கட்டு நனைந்தாலோ கழன்றாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். குழாய் இருக்கும் பக்கத்தில் முக்காட்டுக்கு ஊசி குத்தாதீர்கள். நலம் விசாரிக்க வருவோர் ஓதி ஊதுவதானால் சற்றுத் தள்ளி நிற்கட்டும். ஓதிய எண்ணெயைக் கட்டின் அருகே பூச வேண்டாம். குளிர் நடுக்கமோ காய்ச்சலோ கண்டால் பனடோல் கொடுத்துப் பார்த்திருக்காதீர்கள். மூடி கழன்று விழுந்தால் கவ்வி பூட்டியிருக்கிறதா என்று பார்த்து உடனே புறப்படுங்கள். குழாயே வெளியே வந்துவிட்டால் சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடி விரையுங்கள்.

வுழூவுக்குத் தடையில்லை, கழுத்து வுழூவின் உறுப்பல்லவே. முகம் கழுவும்போது கட்டில் நீர் வழியாமல் பார்த்தால் போதும். குளிப்புக் கடமையானால், நம் ஷாபிஈ மத்ஹபின்படி, கழுவ முடிந்த இடங்களைக் கழுவி, கட்டின் மேல் ஈரக் கையால் தடவி, கழுவாத இடத்துக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். தடவும் ஈரமும் ஆகாதென்று வைத்தியர் சொன்னால் தடவத் தேவையில்லை. தயம்மும் செய்த புழுதிக் கையால் குழாயைத் தொட்டுவிடாதீர்கள். மேலதிக விபரங்களை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேளுங்கள்.

சகோதரிகளே! நோயாளியின் உடல் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மாமி கோபித்தாலும், அன்போடு வாளியை அப்பால் வையுங்கள். அதற்கும் உங்களுக்குக் கூலி உண்டு, இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.