மாறாதவர் தலையில் ஏறும் கட்டணம்
பிரிட்டனில் 1999 முதல் எந்த வீடும் தனக்கு மின்சாரம் விற்கும் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 2016-இல் போட்டி ஆணையம் ஆராய்ந்தபோது, ஆறு பெரிய நிறுவனங்களின் வாடிக்கையாளர்களில் சுமார் 70 சதவீதம் பேர் விலை கூடிய வழக்கமான கட்டணத்திலேயே இருந்தார்கள். இதைச் சோம்பல் என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. யார் விற்றாலும் அதே கம்பியில் அதே மின்சாரம்தான் வருகிறது. முதியவர்களுக்கும் இணையம் இல்லாதவர்களுக்கும் கட்டணங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதே பெரும்பாடு. ஆகவே 2019-இல் வழக்கமான கட்டணத்துக்கு வந்த விலை உச்சவரம்பு அவசியமானதே. 2021-இல் எரிவாயு விலையும் அதனால் மின்சார விலையும் ஏறி 20-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சாய்ந்தபோது, வரம்புதான் அவற்றைக் கொன்றது என்றார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எரிவாயுவுக்கு முன்கூட்டியே விலை பேசி வைக்காமல், போதிய முதலும் இல்லாமல் இறங்கியவர்களுக்கு உரிமம் கொடுத்தது அதைவிடப் பெரிய பிழை. அந்த இழப்பும் எல்லா வீடுகளின் கட்டணத்திலும்தான் ஏற்றப்பட்டது.