தப்பாப் பேசினா என்ன குறைஞ்சிடும்?

போன மாசம் ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் குளிச்சிட்டுக் கரையேறினேன். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து ஏதோ கேட்டாங்க. எனக்குப் புரிஞ்சது "டெம்பிள்" மட்டும்தான். வடக்கே கையைக் காட்டிட்டு, இன்னும் ஏதாவது கேட்டுடப் போறாங்கன்னு திரும்பவும் தண்ணியில இறங்கிட்டேன். பத்தாவது வரைக்கும் இங்கிலீஷ் படிச்சவன் நான்!

பக்கத்துல பூ விக்கிற அம்மா, "டெம்பிள் ஸ்ட்ரைட். பிக் கோபுரம். செருப்பு நோ"ன்னு சொல்லி, ஒரு முழம் பூவும் வித்துட்டாங்க. அவங்க பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லையாம்.

எனக்கு இங்கிலீஷே தெரியாதான்னு யோசிச்சுப் பார்த்தேன். தோட்டத்துக்குப் போனா மோட்டார், ஸ்டார்ட்டர், த்ரீ பேஸ், வால்வு, பொட்டாஷ். பேங்குக்குப் போனா லோன், சப்சிடி, ரெனிவல். வார்த்தைக்குப் பஞ்சமில்லை. கோக்கத்தான் தெரியலை. "நான் வாழை விக்கிறேன்"னு நாம சொல்றதை அவங்க "ஐ செல் பனானா"ன்னு, விக்கிறதை நடுவுல வச்சுச் சொல்றாங்க. இந்த வரிசை பிடிபட்டா பாதிக் கிணறு தாண்டின மாதிரி. மீதிப் பாதி வெட்கம்.

அந்த வெட்கத்தை உண்டாக்குறது நாமதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டல்ல வடநாட்டுப் பையன் "நேத்து வருவேன் சார்"ங்கிறான். தமிழ் பேசுறானேன்னு சந்தோஷப்படுறோம். ஆறு மாசத்துல அவனும் தேறிடுறான். ஆனா நம்ம ஊர்ப் பையன் இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை தப்பினா சிரிக்கிறோம். என் அக்கா மகன் இன்ஜினியரிங் முடிச்சவன். ஒரு இன்டர்வியூவில இப்படித்தான் சிரிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் எந்த இன்டர்வியூவுக்கும் போகாம வீட்டுல உட்கார்ந்துட்டான். அவன்கிட்ட படிப்பு குறையலை, தைரியத்தைத்தான் பறிச்சிட்டாங்க.

அப்துல் கலாம் ராமேஸ்வரத்துல பிறந்து, நம்ம திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில இயற்பியல் படிச்சு 1954-ல் முடிச்சவர். கடைசி வரைக்கும் அவர் இங்கிலீஷ்ல நம்ம ஊர் வாடை போகலை. அதே உச்சரிப்போடதான் 2007-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துலயும் பேசினார். யாராவது சிரிச்சாங்களா? சொன்ன விஷயத்தைத்தானே கேட்டாங்க.

சின்ன வயசுல நாங்க வாய்க்கால்ல நீச்சல் பழகினது வெட்டிப் போட்ட வாழைமரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுதான். முதல்ல தண்ணி குடிச்சோம். அப்புறம் ஒரு நாள் கை தானா மரத்தை விட்டுடுச்சு. பாஷையும் அப்படித்தான். தெரிஞ்ச பத்து வாக்கியத்தைப் பிடிச்சுக்கிட்டு இறங்கணும். தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கணும். மனசுக்குள்ளேயே தமிழை இங்கிலீஷா மாத்தி, தப்பில்லாம வந்தாத்தான் பேசுவேன்னு கரையில நின்னா காலத்துக்கும் நிக்க வேண்டியதுதான்.

டவுன்ல இருக்குற உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். கிராமத்துப் பிள்ளை திக்கித் திக்கி இங்கிலீஷ் பேசினா பாதியில திருத்தாதீங்க. பாவம்னு நீங்களே தமிழுக்கும் மாறிடாதீங்க. முடிக்கிற வரைக்கும் பொறுமையா கேட்டு, மெதுவா பதில் சொல்லுங்க. அது போதும்.

அக்கா மகன் இப்போ தினமும் ராத்திரி என்கிட்ட பத்து நிமிஷம் இங்கிலீஷ்ல பேசுறான். அவனுக்கும் தப்பு வருது, எனக்கும் வருது. ரெண்டு பேருமே சிரிக்கிறதில்லை. அடுத்த ஏகாதசிக்குப் படித்துறையில யாராவது வழி கேட்டா, நான் தண்ணிக்குள்ள இறங்க மாட்டேன்.