‘கூலி’யை நீக்கினால் கூலி உயருமா?

இரயில் நிலையங்களில் சுமை தூக்குவோர் இனிக் ‘கூலி’ அல்லர், ‘சகாயக்’ என 2016ஆம் ஆண்டு இரயில்வே நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இதைக் கண்ணியத்தின் வெற்றியெனக் கொண்டாடுவோர் சொல்லின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும்.

தமிழில் கூலி என்பது ஆளன்று, ஆளுக்கு உரியது. திருக்குறளின் ‘ஆள்வினையுடைமை’ அதிகாரத்தில் அது முயற்சியின் பயன். வேலை செய்பவர் கூலியாள். அவர் பெறுவதே கூலி. ஆங்கிலச் சொல்லுக்குக் குஜராத்தின் ‘கோலி’ என்னும் சமூகப்பெயரை மூலமாகக் காட்டுவோரும் உளர். தமிழே மூலமெனின், ஊதியத்தின் பெயரை மனிதர்மேல் ஒட்டியது காலனியம். ஒப்பந்தத் தொழிலாளருடன் கடல் கடந்த அச்சொல் தென்னாப்பிரிக்காவில் வசையாயிற்று. எனவே அதை நீக்கியதில் தவறில்லை. நீக்கியதோடு நின்றதே தவறு.

‘உரிமம் பெற்ற சுமைதூக்குநர்’ என்ற மதிப்பான அலுவல்பெயர் முன்பே இருந்தது. ஆயினும் நிருவாகம் அவர்களுக்கு மாதச் சம்பளம் தருவதில்லை. பயணி கொடுப்பதே வருவாய். 2008இல் அவர்களைத் தண்டவாளப் பராமரிப்புப் பணியில் சேர்ப்பதாக வந்த அறிவிப்பே உண்மையான மதிப்பு; அதில் சம்பளம் இருந்தது.

‘சகாயக்’ என்றால் உதவியாளர். உதவிக்கு நன்றி சொன்னால் போதும். கூலிக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். புதிய பெயர் அழித்தது இழிவை மட்டுமன்று, அந்தக் கணக்கையும்தான்.