எங்க எம்.பி. ராமராஜன்!

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக வீடு வீடாக ஒரு படிவம் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதனால் எங்கள் வீட்டில் ஒரு சின்ன யுத்தமே நடந்தது.

இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியல் விவரத்தைக் கேட்டிருந்தார்கள். அப்போது எனக்கும் மனைவிக்கும் ஓட்டுப் போடுகிற வயசில்லை. அவரவர் அப்பா, அம்மா பெயரைத் தேட வேண்டியதுதான். நான் என் செல்போனில் கொட்டாரத்தைத் தேட, அவள் தன் செல்போனில் திருவட்டாறைத் தேடினாள்.

"ஐயோ, எங்களுக்க தொகுதியையே காணல!"

காணாதுதான். திருவட்டாறு சட்டமன்றத் தொகுதி 2008 மறுசீரமைப்போடு போய்விட்டது. ஊர் இருக்கிறது. ஆதிகேசவப் பெருமாள் பள்ளிகொண்டபடி பத்திரமாக இருக்கிறார். தொகுதி மட்டும் கோவிந்தா! இங்கிலாந்தில் ஓல்ட் சாரம் என்று ஒரு தொகுதி இருந்தது. ஜனமெல்லாம் காலிசெய்துவிட்டுப் போய் எத்தனையோ காலம் ஆன பிறகும், 1832 வரை இரண்டு எம்.பி.க்களை அனுப்பிக்கொண்டே இருந்ததாம். அங்கே ஊர் இல்லை, தொகுதி உண்டு. என் வீட்டம்மாவுக்கு ஊர் உண்டு, தொகுதி இல்லை.

உடனே அப்பாவுக்கு போன். மாமா ஸ்பீக்கரில் வந்தார்.

"பழைய லிஸ்டுல திருவட்டாறுன்னே இருக்கும், பாரு மக்களே. அதுவும் நாகர்கோவில் பாராளுமன்றத் தொகுதியாக்கும். லேசுப்பட்டதா அது?"

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார். முதல் தேர்தலில் அது தமிழ்நாட்டிலேயே இல்லை. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. தாய்த் தமிழகத்தோடு சேரணும் என்று போராடிய நேசமணி அங்கிருந்து ஜெயித்து டெல்லிக்குப் போனார். 1954 ஆகஸ்ட் 11-ல் துப்பாக்கிச் சூடு, 1956 நவம்பர் 1-ல் இணைப்பு. 1957-ல் தாணுலிங்க நாடார். அப்புறம் மறுபடி இரண்டு தடவை நேசமணி. 1968-ல் அவர் மறைந்தார்.

இடைத்தேர்தலுக்கு வந்தவர் யார்? காமராஜர்! 1967-ல் சொந்த ஊரான விருதுநகர் கைவிட்ட மனுஷரை 1969-ல் நாகர்கோவில் தூக்கி வைத்தது. 1971-லும் விடவில்லை. 1977-ல் குமரி அனந்தன். 1980-லிருந்து டென்னிஸ் தொடர்ந்து ஆறு தடவை! முதல் நாலு காங்கிரஸ், கடைசி ரெண்டு த.மா.கா. 1999-ல் பொன்.ராதாகிருஷ்ணன். 2004-ல் மார்க்சிஸ்ட் பெல்லார்மின். அவரோடு தொகுதி குளோஸ்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "1998-ல உங்களுக்க எம்.பி. ஆரு?"

எனக்குத் தொண்டை அடைத்தது. "ராமராஜன்."

சிரித்தாள் பாருங்கள், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது! ஆனால் எட்டு வயசில் எனக்கு அது எவ்வளவு பெருமை தெரியுமா? கரகாட்டக்காரனே எங்க எம்.பி.! நாகர்கோவிலில் இருந்த சித்தப்பா மகனிடம் அதைச் சொல்லியே வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி அப்போது திருச்செந்தூர் எம்.பி. தொகுதியில் இருந்தது. நாகர்கோவில் பஸ்ஸில் போகிற தூரம், எம்.பி.யோ முருகனுக்கு மொட்டை போடப் போகிற தூரம். "மாவட்டத்துக்கே எங்க ஊர் பேரு. ஆனா எம்.பி. மட்டும் அடுத்த மாவட்டத்துல" என்று அப்பா ஒவ்வொரு தேர்தலுக்கும் புலம்புவார்.

பி.காம். படித்தவனுக்குத்தான் இதன் சூட்சுமம் புரியும். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதி 234, பாராளுமன்றத் தொகுதி 39. வகுத்தால் ஆறு. எங்கள் மாவட்டத்திலோ அப்போது ஏழு சட்டமன்றத் தொகுதிகள். டேலி ஆகவில்லை! கணக்கில் இடிக்கிறதை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளுவோமே, அப்படி எங்களைத் திருச்செந்தூர் கணக்கில் தள்ளிவிட்டார்கள். 2008-ல் திருவட்டாறை எடுத்ததும் மிச்சம் ஆறு. நாங்கள் உள்ளே வந்தோம். நாகர்கோவில் என்ற பெயரும் கன்னியாகுமரி என்று மாறிவிட்டது. 2009-ல் முதல் எம்.பி. ஹெலன் டேவிட்சன்.

"அப்ப உங்க ஊரை உள்ள சேக்கதுக்குத்தான் எங்க ஊரை வெட்டினாங்களா?" என்றாள். சாயங்காலம் காப்பி வரவில்லை.

அப்பாவுக்கு அந்த 2009 தேர்தல் கிடைக்கவில்லை. 2007-லேயே போய்விட்டார். கன்னியாகுமரி எம்.பி.க்கென்று ஒரு ஓட்டுகூடப் போட்டதில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் பெயர் கிடைத்தது. தாத்தா பெயர், வீட்டு எண், எல்லாம் சரி. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்போனை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள்.

"வயசு என்ன போட்டிருக்கு?"

"அம்பத்தி ரெண்டும்மா."

"அம்பதுல்லா? ரெண்டு வயசக் கூட்டிப் போட்டுட்டானுவளே! மக்கா, இத எங்க போய்த் திருத்தணும்?"

என் மனைவி சிரிக்கவில்லை. பாகம் எண், வரிசை எண் இரண்டையும் படிவத்தில் எழுதிவிட்டு, "நாளைக்கு அந்தப் படிவக்காரங்க வருவாங்க, கேப்போம் அத்தை" என்றாள்.